மூன்று பிளஸ்

நாலு பாகையில் இருக்க வேண்டும் அந்தச் சிறு குப்பி.
கரண்ட் போனால் முதலில் ஓடுவது நான்தான்,
ஜெனரேட்டர் பிடிக்கும்வரை
குளிர்ப்பெட்டிக் கதவைத் தோளால் அழுத்திக்கொண்டு.
கொழும்பிலிருந்து ஆறு மாதம் கழித்து வந்த பிறபொருளெதிரி.
ஒரு துளி சிந்தினால்
யாரும் ஏசமாட்டார்கள், அதுதான் பயம்.

மெழுகுக்குள் நாற்பத்திரண்டு பேர்.
பித்தக்குழாய் இருபத்தேழு, பித்தப்பை பதினைந்து.
ஏறாவூர், களுதாவளை, வாழைச்சேனை என்று
ஊர்கள் கொப்பியில் இருக்கின்றன;
தட்டில் எண்கள் மட்டும்.
தலைமயிரில் இருபதில் ஒரு பங்குத் தடிப்பில் சீவி,
வெந்நீரில் மிதக்கவிட்டு,
சுருக்கம் விழாமல் கண்ணாடியில் ஏந்துகிறேன்.
மூச்சு பட்டாலும் மடியும்.

டொக்டர் முனவ்வறா தேடுவது ஒரு தையலை.
கலத்துக்கும் கலத்துக்கும் நடுவே, கழுத்து மட்டத்தில்.
பித்தம் பித்தத்தின் வழியே போக,
இரத்தம் இரத்தத்தின் வழியே போக,
நடுவில் வாய் திறவாமல் நிற்கிற புரதம்.
கிளாடின் என்று பெயர்.
வீட்டிலக்கம்போல இலக்கமும் உண்டு:
நாலாம் இலக்கம் பல வீடுகளில்,
பதினெட்டு இரைப்பையில்.

இந்த ஊர்க்காரிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.
மார்கழியில் முகத்துவாரத்து மணல்
வாவிக்கும் கடலுக்கும் குறுக்கே படுத்திருக்கும்.
வெட்டுங்கள், கதிர் மூழ்குது என்பார்கள் வயல்காரர்.
பொறுங்கள், இறால் போய்விடும் என்பார்கள் வலைகாரர்.
கச்சேரியில் கூட்டம், பிளேன்டீ, கையொப்பம்.
பிறகு ஒரு பெக்கோ வந்து கீறிவிட்டுப் போகும்;
மீதியைத் தண்ணீரே வெட்டிக்கொள்ளும்.

புற்றும் அப்படித்தான் என்றிருந்தேன்.
மணல் கரையும், தையல் பிரியும்,
கண்ணாடி வெளிறி வரும்.

வெளிறவில்லை.
பழுப்பு.
கலத்தைச் சுற்றிக் கரிக்கோடு,
கோட்டைத் தாண்டி உள்ளேயும் சாயம் வழிய,
சுவரெல்லாம் சரிந்த வீட்டில்
பூட்டுகள் மட்டும் குவிந்து கிடந்தன.
சிலதில் பதினெட்டாம் இலக்கத்துக்காரன்
இரைப்பையிலிருந்து எப்படி வந்தானோ,
சொந்த வீடுபோலக் குடியிருந்தான்.

மூன்று பிளஸ், எழுதுங்கோ என்றா டொக்டர்.
"இது நல்லதா, கூடாததா?"
நாற்பத்திரண்டு பேரை வைத்து
அதைச் சொல்ல ஏலாது என்றா.
கண்ணை வில்லையிலிருந்து எடுக்காமல்
அடுத்ததுக்குக் கை நீட்டினா.

முப்பத்தொன்று.

இந்த எண்ணை எனக்குத் தெரியும்.
கிரானிலிருந்து மூன்று செவ்வாய்க்கிழமை
ஒரு பெண் யன்னலுக்கு வந்தாள்.
"இரவு இரவாச் சொறியிறார் மிஸ்,
தோலெல்லாம் கீறல். கண் மஞ்சக்கட்டி.
பித்தம் தலைக்கேறிட்டோ எண்டு
ஊருக்குள்ள சிரிக்கிறாங்கள்."
நான்காம் செவ்வாய் றிப்போட் வந்தது.
உறையிலிட்டுப் பசை தடவி,
விளிம்பை இரண்டு தரம் அழுத்தி நீட்டினேன்.
யன்னலடியிலேயே கிழித்தாள்.
இங்கிலீஷில் இருந்தது.
தாளை என் பக்கம் திருப்பி
"இதுல என்ன மிஸ் இருக்கு?"

அந்தச் சொல் மூன்றாவது வரியில் இருந்தது.
தட்டச்சுப் பிழை பார்த்தவளே நான்தான்.

டொக்டர் சொல்லுவார், பன்னிரண்டாம் அறை என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் நின்றாள்,
என் வாயையே பார்த்துக்கொண்டு.
பின்னால் வரிசை நீண்டது.

"முப்பத்தொன்று, மூன்று பிளஸ்."
எழுதினேன்.
ஊர் கேட்ட கட்டத்தில் கிரான்.
உயிருடனா என்று கேட்ட கட்டத்தில்
கொப்பியில் இருந்த தேதி.

பின்னேரம் யாரோ சொன்னார்கள்,
முகத்துவாரம் வெட்டியாச்சாம்,
இரண்டு நாளைக்குக் கிணறு உவர்க்கும் என்று.
குப்பியின் மூடியை இறுக்கினேன்.
இன்னும் ஒரு சுற்று இறுகியது.